‘போ, போ’ என்ற கை

அந்தக் கை மட்டும் கோராவுக்கு நன்றாக நினைவிருந்தது.

மணிக்கட்டில் ஆரஞ்சு நிறப் பட்டை. பட்டையில் வெள்ளையாக ஒரு குட்டி ஆமை. நெடுஞ்சாலையில் வந்த வெள்ளைக் கார் ஒன்று, சாலையைக் கடக்கக் காத்திருந்த அவர்களைப் பார்த்ததும் நின்றது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கை இரண்டு முறை அசைந்தது. ‘போ, போ’ என்று.

அண்ணன் வேட் நன்றியாகத் தலையாட்டினான். கதவில்லாத குட்டிக் கோல்ஃப் வண்டியை நகர்த்தினான்.

அடுத்த நொடி, டமார்!

வெள்ளைக் கார் நின்றது முதல் தடத்தில். பக்கத்துத் தடத்தில் பாய்ந்து வந்த பிக்கப் வண்டிக்காரருக்கு, அந்தக் காரின் மறைவில் கோல்ஃப் வண்டி தெரியவே இல்லை. பின்பக்கத்தில் இடித்துவிட்டார். கோல்ஃப் வண்டி பம்பரம் போல ஒரு சுற்று சுற்றி நின்றது. பின்னால் கட்டியிருந்த கடற்கரைக் குடைகள் ஒவ்வொன்றாகப் பறந்து, சாலை முழுவதும் அழகாக விரிந்துகொண்டன.

பெல்ட் போட்டிருந்ததால் கோராவுக்கு இடது மணிக்கட்டோடு போயிற்று. மாவுக்கட்டு. வேட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை.

அவனுக்கும் சேர்த்து ஊர் பேசியது.

ஹெரன் முனை என்ற அந்தக் கடலோர ஊரில் வீட்டுக்கு வீடு கோல்ஃப் வண்டி உண்டு. கோல்ஃப் விளையாடுகிறவர்கள்தான் இல்லை. கடைக்கு, கடற்கரைக்கு, தேவாலயத்துக்கு எல்லாம் அதில்தான் போவார்கள். பதினாறு வயதும் உரிமமும் இருந்தால் ஓட்டலாம். வேட் உரிமம் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. விடுமுறையில் ஒரு குடைக் கடையில் வேலை. சுற்றுலா வந்தவர்களின் வீட்டு வாசலுக்குக் குடை கொண்டுபோய்க் கொடுப்பான்.

“ஃபோனைப் பாத்துக்கிட்டே ஓட்டினானாம்!” என்றார் மளிகைக் கடையில் ஒருவர், தக்காளியை அமுக்கிப் பார்த்தபடி.

கோரா சுள்ளென்று திரும்பினாள். “அவன் ஃபோன் வீட்ல சார்ஜ்ல கிடந்துச்சு!”

“நீ அவன் தங்கச்சி. வேற எப்படிச் சொல்லுவே?”

கடை வாசலில் நின்ற பையன்கள் வேட்டுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். “ராக்கெட் வர்றான், ஓரம் போ!”

“அந்த வண்டி மணிக்கு இருபது மைல்தான் போகும்டா! கடல்காக்காவே அதை முந்திட்டுப் போகும்!” என்று கத்தினாள் கோரா.

“அதான், ராக்கெட்டோட தங்கச்சியும் வெடிக்கிறா!”

கோராவின் காதுமடல் சுட்டது. நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள். காவல் அதிகாரி சீஃப் ஹாலிஸ் மேசையில் இறால் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“சார், என் அண்ணன் தானாப் போகல. வெள்ளைக் கார்ல இருந்தவங்க கை காட்டினாங்க. அதனாலதான் போனான்.”

“அம்மணி, நான் வந்தப்ப அங்க வெள்ளைக் காரே இல்ல. பிக்கப் இருந்துச்சு, உங்க வண்டி இருந்துச்சு, ஒன்பது குடை இருந்துச்சு.”

“அதுக்குள்ள போயிட்டாங்க.”

“இந்த ஊர்ல நூத்தியம்பது வெள்ளைக் கார் இருக்கு. என்னோடதும் வெள்ளைதான். சாட்சி இருந்தாக் கூட்டிட்டு வா. இல்லாட்டி, பையன் பாக்காமப் போனான்னுதான் என் அறிக்கையில இருக்கும்.” அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். “வியாழக்கிழமை ஊர்க்கூட்டம். பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் ஓட்டக் கூடாதுன்னு சட்டம் போடப் போறாங்களாம். உன் அண்ணன் பேரும் அடிபடும். இப்பவே சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்தால், வேட் குடைக் கடைச் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

“திருப்பிக் கொடுக்கப் போறேன்,” என்றான்.

“ஏன்டா?”

அவன் கண் அவளுடைய மாவுக்கட்டு மேல் இருந்தது.

கோரா சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். யாருடையது அந்தக் கை? கண்டுபிடித்தே ஆகவேண்டும்.

அதற்கு அவள் ஓர் அடிகூட நடக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையே வீடு தேடி வந்தது!

ஹெரன் முனையில் ஒரு வீட்டில் யாருக்காவது அடிபட்டால் ஊரே சமைத்து எடுத்துக்கொண்டு வரும். நான்கு நாளில் பதினோரு பாத்திரம் வந்துவிட்டது. அதில் ஏழு, சீஸ் போட்ட மக்ரோனி. வேட்டைப் பற்றி வம்பு பேசிய தக்காளிக்காரரும் ஒரு மக்ரோனி கொடுத்தனுப்பியிருந்தார். கோரா அதைத் தொடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை. அம்மா வேலையிலிருந்து வரவில்லை. மணி அடித்தது. கோரா கதவைத் திறந்தாள்.

தபால் நிலையத்து மிஸ் ரொவீனா. இருபது வருடமாக ஊருக்கே கடிதம் கொடுக்கிறவர். யாருக்குப் பிறந்தநாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

“வாழைப்பழ புட்டிங், கண்ணு. உன் அண்ணனுக்கு ரொம்பப் பிடிக்குமே!”

அவர் பாத்திரத்தை நீட்டினார்.

மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை. வெள்ளை ஆமை.

கோராவின் பார்வை தெருவுக்குத் தாவியது. அங்கே நின்றது ஒரு வெள்ளைக் கார்.

“இந்தப் பட்டை ஏது, மிஸ் ரொவீனா?” குரல் அவளுடையது போலவே இல்லை.

“இதுவா? கடலாமை முட்டைக்குக் காவல் இருக்கிறவங்களுக்குக் கொடுத்தது. ஊர்ல மொத்தம் ஆறு பேர்தான்…”

சொல்லிக்கொண்டே வந்தவர், கோராவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“அது உங்க கை,” என்றாள் கோரா. “போ, போன்னு சொன்னது உங்க கைதான்.”

மிஸ் ரொவீனாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“கண்ணு, நான் நல்லதுக்குத்தானே… வெயில்ல எவ்வளவு நேரமா நின்னுட்டிருந்தீங்க… பாவமேன்னு…”

“அப்புறம் ஏன் ஓடிப் போனீங்க?”

“ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். சத்தியமா! ஆனா போலீஸ் விளக்கைப் பாத்ததும் பயந்து கிளம்பிட்டேன். அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒரு நாள் தள்ளிப் போச்சு. அடுத்த நாள் இன்னும் கஷ்டமாச்சு.”

“ஊரே அவனை ராக்கெட்னு கூப்பிடுது. நீங்க புட்டிங் செஞ்சு எடுத்துட்டு வர்றீங்க!”

“கோரா…”

“எங்களுக்கு வேணாம்!”

கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரிலிருந்த படம் சாய்ந்தது.

மாடிப்படியில் வேட் எட்டிப் பார்த்தான். “யாரு அது? வாழைப்பழ புட்டிங் வாசனை வந்துச்சே, எங்க?”

ஐந்து நாளில் அவன் தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் போய்ப் புட்டிங் இல்லாமல் ஆகிவிட்டது.

“ஒண்ணும் இல்ல,” என்றாள் கோரா, பல்லைக் கடித்துக்கொண்டு. அவனிடமும் அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஊர்க்கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து, மிஸ் ரொவீனாவை நோக்கி விரலை நீட்டப் போகிறாள். அந்த முகம் அப்போது எப்படிச் சிவக்கிறது என்று பார்க்கப் போகிறாள்!

கண்ணாடி முன்னால் நின்று விரல் நீட்டிப் பழகினாள். பதினான்கு முறை.

புதன்கிழமை பகல். வாசல் தபால்பெட்டியை எட்டிப் பார்க்க கோரா தெருவுக்கு வந்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரிய பார்சல் வண்டி நின்றிருந்தது. அதற்கு முன்னால் எதிர்வீட்டு ஓட்டிஸ் தன் குட்டி சைக்கிளோடு நின்றான். வயது ஐந்து. தலையில் டைனோசர் முள் வைத்த ஹெல்மெட். கைப்பிடியில் ஒரு வாளி.

“கோரா! நண்டு பிடிச்சேன்! காட்ட வரட்டுமா?”

கோரா இடப்பக்கம் பார்த்தாள். வெறிச்சென்று இருந்தது. வலப்பக்கம் பார்சல் வண்டிதான் நின்றது.

நல்ல கையைத் தூக்கினாள். “வா, வா!”

ஓட்டிஸ் மிதித்தான்.

மின்சாரக் கோல்ஃப் வண்டிக்குச் சத்தம் கிடையாது. பார்சல் வண்டியின் மறைவிலிருந்து அது பூனை மாதிரி வந்தது.

கிரீச்ச்ச்!

வண்டி நின்றது. சைக்கிள் சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓட்டிஸ் புல்லில் உருண்டான். வாளி கவிழ்ந்தது. வண்டியின் பின்னிருக்கையிலிருந்து ஒரு தர்பூசணி கிளம்பி, காற்றில் பறந்து, நடுத்தெருவில் விழுந்து வெடித்தது.

சிவப்புச் சதைக்கு நடுவே நண்டு நிதானமாக நடந்து போயிற்று.

“கண்ணை எங்கடா வெச்சிருந்தே?” வண்டியிலிருந்து இறங்கிய மிஸ் ஜெரால்டின் கத்தினார். பயத்தில் அவர் தொப்பியே ஆடியது. “ரோட்டைப் பாக்க மாட்டியா? இரு, உங்க அம்மாகிட்டச் சொல்றேன்!”

ஓட்டிஸுக்கு ஒன்றும் அடி இல்லை. ஆனால் கீழுதடு நடுங்க ஆரம்பித்தது. அவன் கோராவைப் பார்த்தான்.

கோரா வாயைத் திறந்தாள். ஆனால் கண் வீட்டு வாசலுக்குப் போயிற்று.

யாரும் பார்க்கவில்லை. மிஸ் ஜெரால்டின் இருந்த இடத்திலிருந்து அவள் கை தெரிந்திருக்காது. ஓட்டிஸ் சின்னப் பையன், சொல்லத் தெரியாது. அப்படியே திரும்பி வீட்டுக்குள் போய்விடலாம். பத்தே அடி.

இதே மாதிரிதானே மிஸ் ரொவீனாவுக்கும் இருந்திருக்கும்?

அந்த எண்ணமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. இந்த முறை, தன் மேலேயே.

“அவனைத் திட்டாதீங்க, மேம்!” கத்தலாகத்தான் வந்தது. “நான்தான் வான்னு கை காட்டினேன். அந்தப் பக்கம் என்ன வருதுன்னு எனக்கே தெரியல. ஆனாலும் காட்டிட்டேன்.”

மிஸ் ஜெரால்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நீயா? கை காட்டினாங்க, கை காட்டினாங்கன்னு அஞ்சு நாளா ஊரெல்லாம் கத்திக்கிட்டுத் திரிஞ்சியே, அந்த நீயா?”

“ஆமா, மேம். அந்த நான்தான்.”

மிஸ் ஜெரால்டின் தெருவில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். கடைசியில், “ஒரு தர்பூசணி போச்சு!” என்று மட்டும் சொன்னார். ஓட்டிஸ் மூக்கை உறிஞ்சியபடி அதில் ஒரு துண்டை எடுத்துத் தின்றான்.

அன்று மாலை தபால் நிலையம் மூடுகிற நேரம். உள்ளே யாரும் இல்லை. மிஸ் ரொவீனா கோராவைப் பார்த்ததும் முத்திரைக் கட்டையைக் கீழே போட்டார்.

கோரா மேசைக்கு நேரே போய் நின்றாள். மேசை அவள் கழுத்து உயரம்.

“நான் உங்க மேல இன்னும் கோபமாத்தான் இருக்கேன்,” என்று ஆரம்பித்தாள். “அதை முதல்ல சொல்லிடறேன்.”

“சரி, கண்ணு.”

“இன்னிக்கு ஓட்டிஸை நான் வண்டி முன்னாடி கூப்பிட்டுட்டேன். நல்லதுக்குத்தான் கை காட்டினேன். மிஸ் ஜெரால்டின் பிரேக் போடலைன்னா…” அவள் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். “அப்புறம் அவங்க அவனைத் திட்டினாங்க. நான்தான்னு சொல்ல வாயே வரல. ஓடிடலாம்னு இருந்துச்சு.”

“ஓடினியா?”

“இல்ல. சொல்லிட்டேன். ரெண்டே செகண்ட்தான் ஆச்சு. ஆனா அந்த ரெண்டு செகண்ட் இருக்கே, அம்மாடி!”

மிஸ் ரொவீனா ஆமைப் பட்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

“நாளைக்குக் கூட்டத்துல நான் உங்க பேரைச் சொல்றதா இருந்தேன். விரலை நீட்டிக்கூடப் பழகினேன். இப்ப சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்.”

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“ஏழு மணிக்கு. மறந்துடாதீங்க!”

வியாழன் மாலை ஏழு மணி. ஊர் மண்டபம் நிறைந்து வழிந்தது. அம்மா ஒரு பக்கம், கோரா ஒரு பக்கம், நடுவில் வேட் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

கோரா வரிசை வரிசையாகத் தேடினாள். மிஸ் ரொவீனாவைக் காணோம்.

ஏழு பத்து. காணோம்.

“சின்னப் பசங்க கையில வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்!” என்று தக்காளிக்காரர் முழங்கினார். பலர் கை தட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ “ராக்கெட்!” என்று கத்த, சிரிப்பு எழுந்தது. வேட்டின் கழுத்துச் சிவந்தது.

ஏழு இருபது. கோராவுக்குக் கோபம் கொதித்தது. வரவே மாட்டாரா? அப்படியானால் பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதானா?

எழுந்தாள்.

“பேசலாமா, சார்?”

கூட்டத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்.”

பெயர் நாக்கு நுனியில் நின்றது. கோரா அதை விழுங்கினாள். வேறொன்றைக் கேட்டாள்.

“இந்த வாரம், ரோட்டுல உங்க காரை நிறுத்தி, யாரையாவது ‘போ, போ’ன்னு கை காட்டி அனுப்பினவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. யாரோ இருமினார்கள்.

“ஒருத்தர்கூடவா இல்ல?” என்றாள் கோரா.

பின்வாசல் கதவருகே ஒரு கை மெல்ல எழுந்தது. மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை.

“நான்,” என்றார் மிஸ் ரொவீனா. வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வரத்தான் அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. “இந்த வாரம் இல்ல. போன வியாழக்கிழமை. அந்த வெள்ளைக் கார் என்னோடது. பக்கத்துத் தடத்துல என்ன வருதுன்னு நான் பாக்கல. பாக்காமலே வேட்டைப் போகச் சொன்னேன். அவன் என் கையை நம்பினான். அப்புறம் நான் ஓடிட்டேன்.”

சீஃப் ஹாலிஸ் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மிஸ் ஜெரால்டின் எழுந்தார். “நானும்தான். திங்கக்கிழமை ஒருத்தர், நேத்திக்கு ரெண்டு பேர்.” கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை. அதற்கு முன்னால் மூன்று. பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. தக்காளிக்காரரின் கை பாதிவரை எழுந்து, தலையைச் சொறிவது போல அங்கேயே நின்றது.

கடைசியாக சீஃப் ஹாலிஸ் கையைத் தூக்கினார். “நான் சீருடையோட வேற காட்டியிருக்கேன்,” என்றார். சிரிப்பு வெடித்தது.

வேட் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

“என் மேலயும் தப்பு இருக்கு. நான் கையைத்தான் பாத்தேன். ரோட்டைப் பாக்கல.” அவன் கோராவின் பக்கம் திரும்பினான். “கோரா கை உடைஞ்சது அதனாலதான்.”

“உடைஞ்சது மணிக்கட்டு,” என்றாள் கோரா. “ஒழுங்கா ஒட்டிக்கிட்டிருக்கு. உக்காருடா.”

அன்று பதினெட்டு வயதுச் சட்டம் நிறைவேறவில்லை. அறிக்கை மாறியது. நெடுஞ்சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு பலகை வைக்க முடிவாயிற்று. படம் வரையும் பொறுப்பு கோராவுக்கு. பெரிய கை ஒன்றை வரைந்து, அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு கிழித்தாள். கீழே எழுதினாள்: ‘கை காட்டாதே! உன் முறைப்படி போ!’ நகங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சாயம் பூசிவிட்டாள். சுற்றுலா வந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்து, நகப்பூச்சுக் கடை எங்கே என்று கேட்டார்களாம்.

ஒரு வாரம் கழித்து, கோரா தன் பையிலிருந்து குடைக் கடைச் சாவியை எடுத்து வேட்டின் முன்னால் வைத்தாள்.

“பதினோரு வீட்ல குடை கேட்டிருக்காங்க. நான் இந்தக் கையோட ஓட்ட முடியாது.”

“ரெண்டு கை இருந்தாலும் நீ ஓட்ட முடியாது. உனக்குப் பதினொண்ணு வயசு.”

“அப்ப நீ ஓட்டு!”

நெடுஞ்சாலை ஓரம். வேட்டின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கோரா பெல்ட்டைச் சரிபார்த்தாள்.

தூரத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. உள்ளே மிஸ் ரொவீனா. அவர்களைப் பார்த்துவிட்டார். அவர் கை தானாகக் கொஞ்சம் எழுந்தது. உடனே அதை ஸ்டியரிங் மேல் அறைந்து வைத்துக்கொண்டார். நிறுத்தவில்லை. மூக்கு நேரே பார்க்க, ராணுவ அணிவகுப்பு போல அவர்களைக் கடந்து போனார்.

அவருக்குப் பின்னால் ஒரு லாரி போயிற்று. பிறகு ஒன்றுமில்லை.

வேட் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். ஒவ்வொரு தடமாக, நான்கு தடத்தையும் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“ராக்கெட் கிளம்புமா, இல்ல சாயங்காலம் ஆகுமா?” என்றாள் கோரா.

வண்டி நகர்ந்தது. நான்கு தடம். அக்கரை.

கோரா இருக்கையில் திரும்பி, தூரத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளைக் காரைப் பார்த்துக் கையை அசைத்தாள். கார் இரண்டு முறை ஹாரன் அடித்தது.

“கோபம் போயிடுச்சா?” என்று கேட்டான் வேட்.

“பாதி.”

“மீதி?”

“வாழைப்பழ புட்டிங் மறுபடியும் வரட்டும், பாக்கலாம்!”